நடுநிலை நாடா, நடுநிலைக் கடலா? வடகடல் கரையிலிருந்து ஓர் ஒப்பீட்டு அலசல்

பாம்பனில் வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒரு சம்மாட்டி (படகு உரிமையாளர்) சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: “சுவிட்சர்லாந்து மேல யாரும் சண்டைக்குப் போக மாட்டாங்களாமே தம்பி, இந்த வடகடலையும் அதே மாதிரி எழுதி வச்சுட்டா என்ன?” பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் அழைக்கும் இக்கரையில், துப்பாக்கிச் சூட்டையும் சிறைப்பிடிப்பையும் பார்த்துப் பார்த்து முதுமையடைந்த ஒருவரின் கேள்வி அது. எழுதி வைக்கும் வழிகள் பல இருக்கின்றன. அவற்றுள் எது நின்றது, எது சரிந்தது என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால்தான் அவருக்குப் பொறுப்பான பதிலைச் சொல்ல முடியும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட போரில் எத்தரப்பிலும் சேராமல் இருப்பது போர்க்கால நடுநிலை. அதன் கடமைகளை 1907 ஹேக் உடன்படிக்கைகள் வகுத்துள்ளன. போரிடும் நாட்டின் போர்க்கப்பல் நடுநிலைத் துறைமுகத்தில் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. எந்தப் போரிலும் சேருவதில்லை என ஒரு நாடு தன்னையே என்றைக்குமாகக் கட்டிக்கொள்வது நிரந்தர நடுநிலை. பிற நாடுகள் கூடி ஒரு நாட்டையோ நிலப்பகுதியையோ அந்த நிலையில் நிறுத்துவது நடுநிலையாக்கம். நாம் நன்கறிந்த அணிசேராமை இவற்றுள் எதுவுமன்று. அது கொள்கை மட்டுமே, சட்டத் தகுதி அன்று.

சம்மாட்டி சொன்ன சுவிட்சர்லாந்தின் நடுநிலையை வல்லரசுகள் 1815 நவம்பர் 20 அன்று பாரிஸில் அங்கீகரித்தன. ஆனால் அந்நாட்டைக் காத்தது அந்த ஏடு மட்டுமன்று. அங்கே ஆண்களுக்குப் படைச் சேவை கட்டாயம். எல்லைக்குள் நுழைபவரை எதிர்த்து நிற்பதும் நடுநிலையின் கடமை என்றே அந்நாடு கருதுகிறது. ஆஸ்திரியாவின் பாதை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நான்கு நாடுகளின் படைகள் தங்கியிருந்த அந்நாடு, சுவிட்சர்லாந்தைப் போன்ற நடுநிலையை மேற்கொள்வதாக 1955 ஏப்ரலில் மாஸ்கோவில் ஒப்புக்கொண்டது. எனினும் மே 15 அன்று கையெழுத்தான அரச உடன்படிக்கையில் அந்தச் சொல் இடம்பெறவில்லை. அந்நியப் படைகள் வெளியேறிய பின், அக்டோபர் 26 அன்று, தன் சொந்த விருப்பத்தின் பேரில் என்று எழுதி, ஆஸ்திரிய நாடாளுமன்றமே அதை அரசியலமைப்புச் சட்டமாக நிறைவேற்றியது. இராணுவக் கூட்டணியில் சேருவதில்லை, அந்நியத் தளத்துக்கு இடம் தருவதில்லை என்பன அதன் உள்ளடக்கம். வற்புறுத்தலில் தொடங்கியதைத் தன் வாக்காக மாற்றிக்கொண்ட இந்த நுட்பம், சுவிட்சர்லாந்தின் பழமையைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மறு ஆண்டே ஹங்கேரியிலிருந்து சுமார் 1,80,000 அகதிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்தபோது அது கதவை மூடவில்லை. 1983 முதல் தனுஷ்கோடியில் கரையேறியவர்களை மண்டபம் முகாமில் கண்ட நமக்கு, அடைக்கலம் தருவதால் நடுநிலை கெடாது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பிறர் உத்தரவாதத்தை நம்பிய இரண்டு அண்டை நாடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு சொல் எத்தனை கனமானது என்று தெரியும். 1839 லண்டன் உடன்படிக்கை பெல்ஜியத்தை என்றைக்கும் நடுநிலையான சுதந்திர நாடு என அறிவித்தது; பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா ஆகிய ஐந்தும் அதற்கு உத்தரவாதம் தந்தன. 1867 மே 11 அன்று அதே லண்டனில் லக்சம்பர்க்குக்கும் நடுநிலை எழுதப்பட்டது. அதன் கோட்டைகளை இடிக்கவும் முடிவாயிற்று. ஆனால் அங்கே உத்தரவாதத்துக்கு முன்னால் ‘கூட்டு’ என்ற சொல் இருந்தது. எல்லாரும் சேர்ந்து செயற்பட்டாலன்றித் தனியொரு நாட்டுக்கு எந்தக் கடமையும் இல்லை என்பதே அதன் பொருள் என்று, கையெழுத்திட்ட சில வாரங்களிலேயே பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஸ்டான்லி நாடாளுமன்றத்தில் விளக்கிவிட்டார். உத்தரவாதம் தந்தவர்களுள் ஒருவரே மீறினால் கூட்டு எங்கிருந்து வரும்? 1914 ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மானியப் படை லக்சம்பர்க்கில் நுழைந்தபோது அதற்காக எவரும் வாளெடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பெல்ஜியத்தில் நுழைந்தபோது பிரிட்டன் அந்த உத்தரவாதத்தையே காரணமாகக் காட்டிப் போரில் இறங்கியது. வெறும் காகிதத் துண்டுக்காகவா போர் என்று ஜெர்மானியப் பிரதமர் பெத்மான் ஹோல்வெக் கேட்டதாகப் பிரிட்டிஷ் தூதர் எழுதி வைத்தார். அந்த உத்தரவாதம் பெல்ஜியத்துக்குப் பெற்றுத்தந்த பலம் உண்மையானது. ஆயினும் அது படையெடுப்பைத் தடுக்கவில்லை, பழிவாங்கும் படையைத்தான் கொண்டுவந்தது.

லாவோஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1962இல் ஜெனீவாவில் அதன் நடுநிலைக்கு 14 நாடுகள் கையெழுத்திட்டன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று, கண்காணிப்பு ஆணையத்தின் தலைமையும் இந்தியாவிடமே இருந்தது. ஆயினும் அண்டை நாடான வியட்நாமின் போர் அதன் காடுகளின் வழியாக நடந்தது.

ஆகவே நாட்டை விட்டு இடத்துக்கு வருவோம். நம் கடலுக்குப் பொருந்தும் பாடங்கள் இங்கேதான் இருக்கின்றன. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவிலுள்ள ஓலந்து தீவுகளின் மக்கள் சுவீடனுடன் சேர விரும்பினர். 1921இல், ஐ.நா.வுக்கு முந்தைய அமைப்பான பன்னாட்டுச் சங்கம் இறைமையைப் பின்லாந்துக்கே தந்தது. அதற்கு ஈடாக, தீவினரின் மொழிக்கும் நிலவுரிமைக்கும் தன்னாட்சிக்கும் உறுதி பெற்றது. அதே ஆண்டு அக்டோபர் 20 அன்று பத்து நாடுகள் அத்தீவுகளில் கோட்டையோ படைத்தளமோ கூடாதென்றும், போர்க்காலத்தில் அவை போர் நடவடிக்கைக்குப் பயன்படக் கூடாதென்றும் உடன்பட்டன. 2023இல் பின்லாந்து நேட்டோவில் சேர்ந்த பின்னும் அந்தத் தகுதி மாறவில்லை. நாடு அணி மாறலாம், இடம் மாறாமல் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1920 ஸ்வால்பார்ட் உடன்படிக்கை இன்னும் நெருக்கமாக நம்மைத் தொடுகிறது. வடதுருவத்துக்கு அருகிலுள்ள அத்தீவுகளின் முழு இறைமை நார்வேயிடம் உள்ளது. கடற்படைத் தளம் கூடாது, போர் நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் உடன்பட்ட நாடுகளின் குடிமக்கள் அனைவருக்கும் அங்கே மீன்பிடிக்கச் சம உரிமை உண்டு. மீன்வளத்தைக் காக்க நார்வே விதிகள் போடலாம்; அவை எல்லா நாட்டவரையும் ஒரே அளவில் கட்டுப்படுத்த வேண்டும். அந்த உரிமை கரையோரக் கடலைத் தாண்டியும் செல்லுமா என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் அங்கம் வகிக்கும் நாடு. 2008 முதல் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் அங்கே இயங்குகிறது.

இவற்றின் அருகில் நம் ஏடுகளை வைத்துப் பார்க்கிறேன். இலங்கை முன்னின்று கொண்டுவந்து 1971 டிசம்பர் 16 அன்று ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறிய இந்தியப் பெருங்கடல் அமைதி மண்டலத் தீர்மானம் யாரையும் கட்டவில்லை. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், திருகோணமலையோ பிற துறைமுகங்களோ இந்திய நலனுக்குக் கேடாக எந்நாட்டின் படைத் தேவைக்கும் தரப்படமாட்டா என்று உறுதி கூறப்பட்டது. இது பெயரில்லாத ஒரு சிறு நடுநிலையாக்கமே, ஆனால் காவலர் இல்லாதது. 1974 ஒப்பந்தம் 285 ஏக்கர் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் வைத்தது. பயண ஆவணமின்றி முன்போலவே சென்று வரும் உரிமையை ஐந்தாம் பிரிவில் நம் மீனவருக்கும் அந்தோணியார் திருவிழாவுக்குச் செல்லும் பக்தருக்கும் விட்டது. இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் அனுபவித்து வந்த மரபுரிமை ஆறாம் பிரிவில் இருந்தது. 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்கள் மற்றவர் கடலில் மீன்பிடிப்பதை நிறுத்தின. அவற்றைப் பற்றி இந்தக் கரையிலும் எவரிடமும் கேட்கவில்லை, யாழ்ப்பாணக் கரையிலும் கேட்கவில்லை.

உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல்படையும் இருக்க, ஓலந்தைப் போல இரு கரைகளையும் படையற்றதாக்க எந்த அரசும் இன்று ஒப்பாது. சுவிட்சர்லாந்தின் வழி ஒரு நாட்டுக்கானது. நீரிணைக்கு அது பொருந்தாது. ஸ்வால்பார்ட்டின் வழியே என் தேர்வு. இறைமையைத் தொடாமல், கச்சத்தீவையும் அதைச் சுற்றிய வரலாற்று நீர்ப்பரப்பையும் மட்டும் ஆயுதம் பயன்படுத்தாத பகுதியாக வரைந்து, இரு நாட்டுச் சிறுதொழில் மீனவருக்கும் ஒரே விதியை வைக்கலாம். அந்த ஒரே விதி நம்மையும் கட்டும் என்பதை மறைக்க மாட்டேன்: கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டப்படி தடை செய்தது, நம் விசைப்படகுகளுக்கும் அது அங்கே செல்லும். யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவரின் குறையும் அதுதான்.

2008 அக்டோபர் 26 அன்று இரு அரசுகளும் கூட்டாக, இந்திய மீன்பிடிப் படகுகள் மீது சுடுவதில்லை என்று அறிவித்ததுண்டு. மீறினால் யாரிடம் முறையிடுவது, யார் எண்ணிக்கை வைப்பது என்று அதில் ஒரு வரியும் இல்லை. லக்சம்பர்க்கைக் கைவிட்ட அந்த ஒற்றைச் சொல்லைச் சம்மாட்டியிடம் விளக்கிய பின், அவர் இரு கரை மீனவரும் அமரும் கண்காணிப்புக் குழு என்ற வரியையே முதலில் எழுதச் சொன்னார். அதையே நானும் முதலில் எழுதுவேன்.