இணையத்தில் வாங்கிய பலகையும் மூன்று மாரியும்

வன்னியில், மல்லாவிப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இருக்கும் பூப்பந்து (பட்மின்டன்) திடல் 2024 மாரியோடு மூன்று மழைக்காலம் கண்டுவிட்டது. அதற்கான பலகையை இணையத்தில் வாங்கியவன் என்பதால், இன்றும் யாராவது ஒருவர் வந்து விசாரிக்கிறார். அண்மையில் கேட்டவர் கரப்பந்துத் திடலுக்கே மரம் எடுக்கப்போகிறாராம். வாயால் சொல்லி அலுத்துவிட்டது.

சுற்றிலும் காட்டை வைத்துக்கொண்டு கொழும்புப் பக்கத்திலிருந்து மரம் எடுப்பதா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். முதலில் எங்கள் வளவில் விழுந்த வேம்பைத்தான் அறுப்பிக்கப் போனேன். ஆலைக்காரர் அடிமரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “2009இல் போர் முடிவதற்கு முன்னர் நின்ற மரமா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “வேண்டாம் மாஸ்டர், உள்ளே துப்பாக்கிச் சன்னம் இருந்தால் என் வாள் போய்விடும்” என்று கையெடுத்துக் கும்பிட்டார். பாலை, முதிரை மரங்களுக்கு, மரம் விற்கும் மரக்காலையில் சொன்ன விலையைக் கேட்டு நானும் அதேபோல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

திடல் 44 அடிக்கு 20 அடி. நாலு பக்கமும் மூன்றடி ஓடிவர விட்டால் 50க்கு 26, சுற்றளவு 152 அடி. திடலில் பரப்பிய புற்றுமண் மழைக்குக் கரைந்து ஓடாமல் இருக்க, சுற்றிவர விளிம்புப் பலகை பதிக்க வேண்டும். தென்மேற்கில் சோளகக் காற்றை மறிக்க வலைச் சட்டகமும் இருப்பதற்கு இரண்டு வாங்குகளும் (நீள இருக்கைகளும்) தேவை. சோளகம் வீசும் நாளில் மறிப்பு இல்லாவிட்டால் இறகுப்பந்து பக்கத்து வளவில்தான் விழும்.

2022 செப்டெம்பரில் பைன் பலகைக்குப் பதிவு செய்தேன். எரிபொருளுக்குக் கியூ.ஆர். பங்கீடு நடந்துகொண்டிருந்த காலம். லொறி மாங்குளம் சந்தியோடு நின்றுவிட்டது. மிச்சத் தூரத்துக்கு லாண்ட் மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பிடித்தேன். இரண்டு வண்டிக்கும் கொடுத்தது மரத்தின் விலையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. மரத்துக்குரிய பத்திரங்கள் லொறியோடே வந்தன. அந்த விடயத்தில் விற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அளவில்தான் முதல் அடி விழுந்தது. திரையில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றரை என்று இருந்தது. வந்ததை அளந்தால் ஐந்தரைக்கு ஒன்றேகால். சீவுவதற்கு முன்பிருந்த அளவுக்கே விலை. பத்தடி நீளத்தில் 16 பலகை, கணக்கில் சரியாக 10 கன அடி. கையில் கிடைத்தது 7.6 கன அடி. மரக்காலையிலும் அறுத்த அளவுக்குத்தான் காசு, ஆனால் சீவலாவது நம் வீட்டு அடுப்புக்கு வரும். மூன்று பலகைகள் முறுகி வந்திருந்தன. படம் எடுத்து அனுப்பினேன். இரண்டுக்குப் பணம் திரும்பி வந்தது, மூன்றாவது “இயல்பான வளைவு” என்றார்கள். அந்த இயல்பான வளைவை மூலையில் பதித்து மண்ணால் மூடினேன்.

பெரிய அடி பிறகு வந்தது. 2023 மார்கழியில் வடக்கு விளிம்பில் மகள் கால் வைத்தாள். பலகை பிட்டுப்போல் உதிர்ந்தது. உள்ளே கறையான். இணையப் பக்கத்தில் “பதப்படுத்தியது” என்று இருந்ததே என்று பொருமினேன். எதனால் பதப்படுத்தினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். இதைக் கேட்காமல் விட்டதற்கு மாணவனாக இருந்தால் புள்ளி குறைத்திருப்பேன். மஞ்சளை மதுசாரத்தில் கரைத்து, அதே பலகையில் மிஞ்சி அறைக்குள் கிடந்த ஒரு துண்டில் பூசி, ஐதரோகுளோரிக் அமிலமும் சலிசிலிக் அமிலமும் சேர்ந்த கரைசலைத் தடவினேன். சிவந்தது. அப்படியானால் போரன் உப்பு. மண்ணிலிருந்து பிடுங்கிய பலகையில் அதையே செய்தபோது மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. போரன் உப்பு பூச்சியைத் தடுக்கும், ஆனால் மழையில் கரைந்து போய்விடும். கூரைக்குக் கீழே இருக்கும் மரத்துக்கே அது பொருந்தும். மண்ணைத் தொடும் மரத்துக்குச் செம்பு சேர்ந்த மருந்தை அழுத்தி ஏற்றியிருக்க வேண்டும், பச்சை சாயலில் இருக்கும்.

வந்து பார்த்த தச்சர் ஐயாவுக்கு இந்த இரசாயனம் எதுவும் தேவைப்படவில்லை. “கறையானின் வீட்டை உடைத்துக்கொண்டுவந்து திடல் முழுக்கப் பரப்பிவிட்டு, கறையான் ஏன் வந்தது என்று கேட்கிறீர்களே தம்பி” என்றார். புற்றுமண்ணை அப்படி நான் யோசித்ததே இல்லை.

விளிம்புக்கு அவர் கொண்டுவந்தது இடித்த வீடொன்றின் பனஞ்சிலாகைகள், அதாவது பனைமரக் கூரைச் சட்டங்கள். பனைக்கு வைரம் வெளிப்புறம், உள்ளே சோற்றி என்னும் மென்பகுதி. சோற்றியைச் செதுக்கி எறிந்து கரிய பக்கத்தை மட்டும் எடுத்தார். அதற்கு முன் பழைய ஒலிபெருக்கிக் காந்தமொன்றை ஒவ்வொரு சிலாகையிலும் மெதுவாக நடத்தினார். ஐந்தாவதில் காந்தம் டக்கென்று ஒட்டியது. உளியால் நோண்டியபோது புளியங்கொட்டை அளவில் துருப்பிடித்த துண்டொன்று கையில் விழுந்தது. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் அதை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டுச் சீவுளியை எடுத்தார்.

இணையப் பலகை முழுவதும் வீண் என்று எழுதினால் பொய்யாகும். மண்ணில் படாமல் சீமெந்துக் காலில் நிற்கும் வலைச் சட்டகம் 2024 கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகும் நூல் பிடித்ததுபோல் நிற்கிறது. உலர்ந்த பைன், திருகாணி ஏற்றும்போது வெடிக்கவில்லை. வாங்குப் பலகைகள் மட்டும் குழிந்துவிட்டன. வெட்டுமுகத்தில் வளையங்களின் முதுகு மேலே வருமாறு அடித்திருந்தால் பலகை குடைபோல் வளைந்து தண்ணீர் வழிந்தோடியிருக்கும். நான் மாற்றி அடித்தேன். அது என் தவறு.

கரப்பந்துக்காரருக்குச் சொன்னது: சட்டகத்துக்கு வேண்டியதை இணையத்தில் எடுங்கள், சீவிய அளவு என்ன, என்ன மருந்து என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மண்ணில் இறங்கும் எதையும் தூக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். திரையில் பாரம் தெரியாது.

தெற்கு விளிம்பில் இன்னும் நான்கு பைன் பலகைகள் மிச்சம். தச்சர் ஐயா இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் திருகாணி முடுக்கியால் அவற்றைக் குத்திப் பார்க்கிறார். சென்ற முறை அரை அங்குலம் இறங்கியது.

“இன்னும் ஒரு மாரி,” என்றார்.