பதநீரா, இளநீரா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிப் பக்கம் போனால் பதநீர், உச்சிப்புளியில் நின்றால் இளநீர். கோடையில் எதைக் குடிக்கலாம் என்று கேட்பவர்களுக்காக இது.

சர்க்கரை: பதநீரில் 100 மில்லிக்கு 10 கிராமை ஒட்டி இருக்கும். ஒரு டம்ளர் என்றால் நாலைந்து ஸ்பூன். பனை தந்தது என்பதற்காகச் சர்க்கரை நோய் சலுகை காட்டாது. இளநீரில் இதில் பாதிகூட இருக்காது.

பொட்டாசியம்: இளநீரில் அதிகம். பலருக்கு நல்லதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

சுத்தம்: இளநீர் வெட்டும்வரை மூடியே இருக்கிறது. பதநீர் அப்படியல்ல. புளிக்காமலிருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அந்தச் சுண்ணாம்பு அடியில் படிந்திருக்க வேண்டும். காலையிலேயே குடித்துவிடுங்கள். நுரை தள்ளி, புளிப்பு வாடை அடித்தால் கள்ளாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஐஸ் போட்டுத் தந்தால் நான் வாங்குவதில்லை. அது எந்தத் தண்ணீரோ!

கிடைப்பது: பதநீர் கோடையோடு சரி. இளநீர் வருஷம் முழுக்க.

வலை இழுத்துக் களைத்துக் கரையேறுகிறவருக்கு உடனே தெம்பு வேண்டும், அவருக்குப் பதநீர். சர்க்கரை நோயாளிக்கு அளவோடு இளநீர். வியர்வை கொட்டுகிறவர்களுக்கு இரண்டிலும் உப்புச்சத்து போதாது. அப்புறமாக ஒரு சொம்பு உப்பு மோரும் குடிக்கட்டும்.