மதுரையில் பிள்ளையைப் பியானோ கிளாஸில் சேர்க்கப் போகிறீர்களா? எங்கள் 42,700 ரூபாய் கதையைப் படித்துவிட்டுச் சேருங்கள்

போன செப்டம்பரில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் மகள் மேடை ஏறினாள். பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு கீபோர்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி சிவப்புக் கோட்டு. வாசிப்பு அவ்வளவு சுத்தமாக இருந்தது. பக்கத்துச் சீட்டில் இருந்த அம்மா அழுதேவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. நடுவில் முதல் வரிசைப் பையன் ஒருவன் இரண்டு கையையும் எடுத்து மூக்கைச் சொறிந்தான். பாட்டு ஒரு இழை பிசகவில்லை. அப்போதுகூட, பன்னிரண்டு பேரில் ஒருவன் விட்டால் தெரியாதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில், வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி அவள் சொன்னாள்: "அம்மா, என் கீபோர்டுல லைட்டே எரியலம்மா. வயர் சொருகவே இல்ல. சார்கிட்ட சொன்னேன், சும்மா வாசிக்கிற மாதிரி கைய வைன்னாரு."

அன்றைக்கு ஓடியது பென் டிரைவ். அந்தக் கோட்டுக்கு மட்டும் 1,200 ரூபாய் வாங்கியிருந்தார்கள்.

கிளாஸின் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிற நேரத்தில் வேண்டாம் என்று என் கணவர் சொல்லிவிட்டார். அது முக்கியமும் இல்லை. நான் விசாரித்த வரையில் இதே முறையில் நடத்துகிறவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

சேர்த்தது அதற்கு முந்தின வருடம் விஜயதசமி அன்று. பைபாஸ் ரோட்டில் மாடியில் ஏசி ஹால், வாசலில் ராஜா படமும் ரகுமான் படமும் போட்ட பிளெக்ஸ், 'பியானோ - லண்டன் கிரேடு - 100% தேர்ச்சி'. டெமோ கிளாஸ் எடுத்த சார் உண்மையிலேயே நன்றாக வாசித்தார். என் மகளிடம் குனிந்து பேசி, பத்தே நிமிடத்தில் ஒரு மெட்டை வாசிக்க வைத்துவிட்டார். அந்த இடத்தில் விழுந்தோம். அந்த சாரை அதற்கப்புறம் ஆண்டு விழா மேடையில்தான் பார்த்தேன். வாராவாரம் பாடம் எடுத்தது கல்லூரியில் படிக்கும் பையன்கள். இரண்டு மாதத்துக்கு ஒருவர் மாறுவார்.

அட்மிஷன் 1,500. மாதம் 2,000, ஆனால் விஜயதசமி சலுகையாக ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 18,000. 'வெளியே வாங்காதீங்க மேடம், எங்க சிலபஸுக்கு இந்த மாடல்தான் செட் ஆகும்' என்று ஒரு கீபோர்டையும் 14,500-க்குத் தலையில் கட்டினார்கள். பிற்பாடு டவுனில் ஒரு கடையில் கேட்டேன், அதே மாடல் 9,200. எல்லாப் பணமும் ஒருவருடைய சொந்த எண்ணுக்கு ஜிபே. ரசீது கேட்டதற்கு, 'வாட்ஸ்அப்ல அனுப்புறோம்' என்றார்கள். நான் கூட்டுறவு வங்கியில் கவுண்ட்டரில் உட்காருகிறவள். நாளைக்கு இருநூறு பேரிடம் 'சலானைப் பத்திரமா வச்சுக்கங்க' என்று சொல்கிறவள். எனக்கு ஒரு துண்டுச் சீட்டு வாங்கத் தோன்றவில்லை.

ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தது என் மாமியார்தான். அவருக்குச் சங்கீதம் தெரியாது, காது உண்டு. "ஏம்மா, தை மாசத்துல வாசிச்ச அதே பாட்டத்தான ஆடி மாசமும் வாசிக்கிறா?" என்றார். கிரேடு தேர்வுக்குப் பழகுகிறாள் அத்தை, திரும்பத் திரும்பத்தான் வாசிக்க வேண்டும் என்று அவருக்கு நான் விளக்கம் கொடுத்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அவள் எப்படி வாசித்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் 1 முதல் 8 வரை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். நோட்டில் பால்பாயின்ட் பேனாவில் '3 3 4 5 5 4 3 2' என்று எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளை எண்ணைப் பார்த்து ஸ்டிக்கரை அமுக்கும். அது பீத்தோவன் மெட்டு என்பதே எனக்குப் பின்னால்தான் தெரியும். இடது கைக்கு வேலையே இல்லை. ஒரு பட்டனை அமுக்கினால் தாளமும் பின்னணியும் தானாக ஓடும், அதனால் கேட்பவர்களுக்குப் பெரிய கச்சேரி மாதிரி இருக்கும். உறவினர் வீட்டு விசேஷத்தில் வாசித்துக் கைதட்டு வாங்கினாள். நமக்கும் அதுதானே வேண்டியிருந்தது, பொய் சொல்லவில்லை.

ஜூனில், தேர்வு வருகிறது என்றார்கள், 7,500 கட்டினோம். 'இப்ப எல்லாம் ஆன்லைன் மேடம், வீடியோ எடுத்து லண்டனுக்கு அனுப்பிருவோம்.' இதில் பாதி உண்மை இருப்பதால்தான் நம்பினோம். லண்டனில் இருந்து கிரேடு என்ற படிப்படியான இசைத் தேர்வுகளை நடத்தும் இரண்டு பெரிய அமைப்புகளும், டிரினிட்டி காலேஜ் லண்டனும் ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மும், கொரோனா காலத்தில் இருந்து வீடியோ பதிவு வழியாகவும் தேர்வு வைக்கிறார்கள். எங்களுக்கு நடந்தது என்னவென்றால், செல்போனில் மூன்று நிமிடம் வீடியோ, அதுவும் அந்தப் பின்னணிப் பட்டனைப் போட்டுக்கொண்டு. ஆறு வாரத்தில் லேமினேட் செய்த சர்டிபிகேட் வந்தது. மேலே லண்டன் பாலத்தின் படம், 'இன்டர்நேஷனல் கிரேடு 2, டிஸ்டிங்ஷன், 95%'. தேர்வு நடத்திய அமைப்பின் பெயர் இல்லை, தேர்வு எண் இல்லை, எதற்கு எத்தனை மார்க் என்ற விவரம் இல்லை. பிரேம் போட்டு ஹாலில் மாட்டினோம்.

லைட் எரியாத ராத்திரிக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அலுவலகத்தில் ஒரு அக்கா, கீழவெளி வீதிப் பக்கம் ஒரு டீச்சர் இருக்கிறார், பல வருடம் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர், போய்ப் பாருங்கள் என்றார். போனோம். சின்ன வீடு, கூடத்தில் சுவரோடு ஒட்டி நிற்கிற பழைய பியானோ. என் மகள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஆன் பட்டன் எங்க இருக்கு மிஸ்?"

டீச்சர் சிரிக்கவில்லை. மேல் மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். கட்டையை அமுக்கினால் ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியில் தட்டுகிறது, மெதுவாகத் தொட்டால் மெதுவாக, ஓங்கினால் சத்தமாக. பியானோ என்ற பெயரே இத்தாலிய மொழியில் மெதுவாகவும் சத்தமாகவும் என்று பொருள்படுகிற நீளமான பெயரின் சுருக்கம்தானாம். கட்டைகள் மொத்தம் 88. எங்கள் கீபோர்டில் 61, அதிலும் எப்படித் தொட்டாலும் ஒரே அளவு சத்தம்தான். அதாவது பியானோவுக்கு எது பெயரைக் கொடுத்ததோ, அதையே செய்யாத ஒரு பெட்டியை எங்களுக்குப் 'பியானோ சிலபஸ் மாடல்' என்று விற்றிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு ஆரம்பப் பாடப் புத்தகத்தை எடுத்து வைத்தார். ஐந்து கோடு, அதில் நாலைந்து சுரம். ஒரு சுரத்தின் மேல் சின்னதாக 3 என்று போட்டிருந்தது. பிள்ளை உடனே தன் ஸ்டிக்கர் ஞாபகத்தில் மூன்றாவது கட்டையை ஆள்காட்டி விரலால் குத்தினாள். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பியானோப் புத்தகத்தில் அந்த எண் விரலைக் குறிக்கும். கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. மூன்று என்றால் நடுவிரலால் வாசி என்று அர்த்தம். உலகம் முழுக்க விரலுக்கு இருக்கிற எண்ணை இவர்கள் கட்டைக்கு ஒட்டி, பதினொரு மாதம் பழக்கிவிட்டிருக்கிறார்கள். "ஒண்ணும் தெரியாம வந்திருந்தா நாலு மாசத்துல கொண்டுவந்திருவேன். இத மறக்க வைக்கவே ரெண்டு மாசம் ஆகும்மா" என்றார். சரியாக அவ்வளவு ஆனது. டிஸ்டிங்ஷன் வாங்கிய என் மகளுக்கு ஒரு சுரம்கூடப் படிக்கத் தெரியாது.

சர்டிபிகேட்டையும் அவரிடம் காட்டினேன். அவர் சொன்னதையும், பிறகு அந்த இரண்டு அமைப்புகளின் பாடத்திட்டங்களில் நானே பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். டிரினிட்டியில் 100-க்கு 60 பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் மொத்தம் 150, பாஸ் 100, மெரிட் 120, டிஸ்டிங்ஷன் 130. எதை வாசித்ததற்கு எத்தனை என்று தனித்தனியாக மார்க் வரும். தேர்வில் பதிவு செய்தாலே பிள்ளையின் பெயரில் ஒரு எண் வந்துவிடும். பணம் கட்டிய வாரத்திலேயே அதைக் கேளுங்கள். இன்னொன்று, டிரினிட்டியில் பியானோ தேர்வு வேறு, எலக்ட்ரானிக் கீபோர்டு தேர்வு வேறு. கீபோர்டு மட்டமில்லை, அது தனி வாத்தியம், அதற்கென்று தனிப் பாடத்திட்டமே இருக்கிறது. கீபோர்டு கற்றுக்கொடுக்கிறவர் 'கீபோர்டு கிளாஸ்' என்று போர்டு வைத்தால் எனக்கு அவரோடு சண்டை கிடையாது. பியானோ என்று சொன்னால் எந்தத் தேர்வு, எந்தப் பாடத்திட்டம் என்று பெயரோடு கேட்க வேண்டும். ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஆறாம் கிரேடுக்குப் போக ஐந்தாம் கிரேடு தியரியோ (இசை இலக்கணத் தேர்வு), அதற்கு ஈடாக அவர்கள் ஏற்கிற வேறொரு தேர்வோ பாஸ் செய்திருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால், 'மூணு வருஷத்துல எட்டு கிரேடும் முடிச்சிரலாம்' என்று எங்கள் காதில் பூ சுற்றியபோதே எழுந்து வந்திருப்பேன்.

இப்போது பாடம் எப்படி நடக்கிறது என்றால், வாரம் ஒரு நாள் அரை மணி நேரம், அந்த அரை மணியும் இவள் ஒருத்திக்கு மட்டும். முன்னால் 45 நிமிடம் என்பார்கள், ஒரு ஹாலில் பதினான்கு பிள்ளைகள், ஒரு சார். என் பிள்ளைக்கு மூன்று நிமிடம்தான் கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட எனக்கு வருடம் பிடித்தது. மாதக் கட்டணம் மாதம் முடிந்து கொடுத்தால் போதும். நான் கூடவே உட்காரலாம். அங்கே பெற்றோர் வாசலோடு சரி, 'பிள்ளைங்க கவனம் சிதறும்' என்பார்கள். வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் வாசிக்க வேண்டும், விட்டால் டீச்சருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. முதல் வருடம் தேர்வும் இல்லை, மேடையும் இல்லை. பிள்ளை வேகமாக முன்னேறுகிற மாதிரியே தெரியாது. இரண்டு கையும் சேர்ந்து நாலு வரி வாசிக்க இவளுக்கு ஐந்து மாதம் ஆனது. விசேஷ வீட்டில் கைதட்டு வாங்குகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆனால் போன வாரம் நான் கடையில் வாங்கி வந்த, அவள் பார்த்தே இராத ஒரு பக்கத்தைத் தட்டுத் தடுமாறி அவளே படித்து வாசித்தாள். பெரிய பியானோ வாங்கவில்லை. டீச்சர் சொன்னபடி, கட்டைகள் கனமாக இருக்கிற, தொடுகிற அழுத்தத்துக்குத் தகுந்த மாதிரி சத்தம் வருகிற 88 கட்டை டிஜிட்டல் பியானோ ஒன்றை செகண்ட் ஹேண்டில் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை அந்த 14,500 பெட்டிதான். ஸ்டிக்கர்களைத் தேங்காயெண்ணெய் தடவி உரித்தேன். பிசின் மட்டும் இன்னும் போகவில்லை.

பணத்துக்கு வருகிறேன். நேரில் கேட்டதற்கு, 'ஒருமுறை கட்டினால் திரும்பத் தர மாட்டோம், பாலிசி' என்றார்கள். எந்தத் தாளில் இருக்கிறது அந்த பாலிசி என்றேன், பதில் இல்லை. 1915-க்குப் போன் செய்தேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். என் ஜிபே பதிவுகள், வாட்ஸ்அப் செய்திகள், பிளெக்ஸ் போட்டோ எல்லாவற்றையும் வைத்துப் புகார் பதிந்தேன். பில் தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிகம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது என்பதையும் ஒரு பதிவுத் தபாலில் எழுதி அனுப்பினேன். பத்து நாளில் தேர்வுக் கட்டணம் 7,500 மட்டும் திரும்பி வந்தது. கூடவே ஒரு போன், 'மேடம், மத்த பேரன்ட்ஸ்கிட்ட சொல்லாதீங்க' என்று. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. 5 லட்சத்துக்கு உட்பட்ட விவகாரத்துக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கடைசியாகப் பாடம் எடுத்த பையனை ஒரு நாள் காளவாசல் சிக்னலில் பார்த்தேன். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மாதம் ஐயாயிரம் கொடுத்தார்களாம், அதிலும் இரண்டு மாதம் பாக்கி. "எனக்கே நோட்ஸ் படிக்கத் தெரியாது மேடம், நம்பர் போட்டுத்தான் எனக்கும் சொல்லிக் கொடுத்தாங்க" என்றான். சிக்னல் விழுந்துவிட்டது.

அந்த கிளாஸ் இப்போது வேறு பெயரில் வேறு ஏரியாவுக்கு மாறியிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை போகிற வழியில் பார்த்தேன், அதே ராஜா, அதே ரகுமான், கீழே 'விஜயதசமி சலுகை, டெமோ கிளாஸ் இலவசம்'. மேடையில் பிள்ளைகள் சிவப்புக் கோட்டோடு உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது வரிசையில் இடமிருந்து மூன்றாவது, என் மகள்.