நாம்பன் கொட்டிலுக்கு உயிர்வாயுக் கலன்: ஒரு பயனாளரின் மதிப்பீடு

இறைச்சிக்காக நாம்பன் (இளங்காளை) வளர்க்கும் சிறு பண்ணையாளர்களிடம், சாணத்தைப் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் உயிர்வாயுக் கலனைப் பற்றிப் பேச வருபவர்கள் முதலில் காட்டுவது சமையல் அடுப்பைத்தான். சிலிண்டர் வாங்கத் தேவையில்லை, 2022 இல் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது வரிசையில் நின்றது போல் இனி நிற்கத் தேவையில்லை என்பார்கள். யாழ்ப்பாணத்து நீர்வேலியில் ஆறு நாம்பன்கள் நிற்கும் எங்கள் கொட்டிலின் பின்புறத்தில் எட்டுக் கன மீட்டர் கொள்ளளவுள்ள குவிமாட வகைக் கலன் ஒன்றைக் கட்டுவித்துப் பயன்படுத்தி வருகிறோம். கலன் வாங்கத் தக்கது என்பதே என் முடிவு. ஆயினும் அடுப்பை மட்டும் நம்பி இதில் பணம் போடுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். இதன் உண்மையான பலன் கிணற்றிலும் தோட்டத்திலும் இருக்கிறது.

முதலில் வாயுக் கணக்கைப் பார்ப்போம். கட்டி வளர்க்கும் ஒரு நாம்பனிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கிலோ அளவில் சாணம் கிடைக்கும். ஒரு கிலோ சாணம் ஏறத்தாழ 35 முதல் 40 லீற்றர் வாயுவைத் தரும். எனவே ஆறு மாடுகளின் சாணத்திலிருந்து இரண்டு கன மீட்டருக்குச் சற்று மேலாக, அதாவது ஒரு கிலோ சமையல் எரிவாயுவுக்குக் கிட்டிய அளவில், நாள்தோறும் வாயு கிடைக்கிறது. ஒரு வீட்டுச் சமையலுக்கு இதில் பாதியே போதும். மிச்சத்தைப் பற்றி எங்களுக்குக் கலன் கட்டித் தந்தவர்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இந்த வகைக் கலனில் வாயு நிறைந்ததும் அது கரைசலை வெளித்தள்ளிவிட்டு, வெளிவாசல் வழியாகக் குமிழ் குமிழாகத் தப்பிப் போகும். தப்புவது பெரும்பாலும் மெதேன்; நூறு ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும் வாயு. சூழலைக் காப்பதற்கென்று வாங்கிய பொருள் மெதேனை உற்பத்தி செய்து காற்றில் விடுமானால் அதைக் கட்டாமல் இருந்திருக்கலாம். ஆகவே பக்கத்து வீட்டு அக்காவின் அடுப்புக்கும் ஒரு குழாய் இழுத்துக் கொடுத்தோம். அவர் காலையில் புட்டு அவிப்பதும் மாலையில் மாடுகளுக்குத் தவிட்டுக் கஞ்சி காய்ச்சுவதும் இப்போது எங்கள் வாயுவில்தான். கலன் வாங்குபவர் மிச்ச வாயுவுக்கு வழி பார்த்த பின்பே அதன் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

கட்டுமானத்தில் யாழ்ப்பாணத்து நிலம் சில இடர்களைத் தருகிறது. வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே பல இடங்களில் சில அடி ஆழத்திலேயே சுண்ணாம்புக் கல் தட்டிவிடும். எங்கள் காணியிலும் அப்படியே. கல் உடைக்கும் கூலி முதல் மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை. முடிவில் மொத்தச் செலவு ஒரு நல்ல கறவைப் பசுவின் விலையைத் தாண்டிவிட்டது. இதைவிடப் பெரிய குறை, வெளிவரும் கரைசல் சேரும் குழியை வெறும் மண்குழியாகவே விட்டிருந்தது. அடியில் சீமெந்து பூசித் தரும்படி கேட்டபோது அது தேவையற்ற செலவு என்றார்கள். வேறொரு மேசனைக் கொண்டு பூசுவித்து, மேலே தகரக் கூரையும் போட்டுக்கொண்டோம்.

அந்தப் பூச்சு ஏன் தேவை என்பதே இந்த மதிப்பீட்டில் நான் வலியுறுத்த விரும்பும் விடயம். எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. உள்ள வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும், சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தேங்கிய மழைநீரையே பெரும்பாலும் நம்பியிருக்கிறோம். மேலே கொட்டுவது கீழே இறங்குவதற்கு அந்தக் கல் பெரிய தடையாக இருப்பதில்லை. யூரியா, மாட்டெரு, மலசலகூடக் குழி ஆகிய மூன்றிலிருந்தும் நைத்திரேற்று கிணற்றுக்குள் சேர்கிறது என்பது வலிகாமத்தில் நெடுங்காலமாக ஆய்வாளர்கள் சொல்லிவரும் செய்தி. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அந்த அளவைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைக்கு இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறையும். கொட்டிலின் மூலையில் மாரி முழுவதும் நனைந்து கிடக்கும் எருக்கும்பி ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றை நோக்கிக் கரைந்து போகிறது. சாணமும் கழுவு நீரும் சீமெந்துக் கான் வழியாக நேரே கலனுக்குள் போய், மூடிய தொட்டிக்கு வந்து சேரும்போது அந்த வழி அடைபடுகிறது. எங்கள் கிணறு கொட்டிலிலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே செலவழித்த பணம் தகும் என்பேன்.

கலனுக்குள் போன நைதரசன் அழிந்துவிடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. சாணத்தில் இருந்ததைவிட வெளிவரும் கரைசலில் அதன் பெரும்பகுதி அமோனியா வடிவில், பயிர் உடனே எடுக்கும் நிலையில் இருக்கிறது. நல்ல உரம் என்பதற்கும், அளவு மீறினால் விரைவாக நிலத்தடிக்குப் போய்விடும் என்பதற்கும் காரணம் ஒன்றே. நாங்கள் வாழைக்கு அடி சுற்றிச் சிறு பாத்தி கோலி, ஒரு வாளி கரைசலுக்கு ஒரு வாளி நீர் கலந்து, மழை இல்லாத நாட்களில் மாற்றி மாற்றி ஊற்றுகிறோம். முன்னோர் இரவில் மாடுகளைத் தோட்டத்திலேயே பட்டியடைத்து, இடம் மாற்றி மாற்றிக் கட்டியதும் எரு ஒரே இடத்தில் குவியாமல் பரவுவதற்குத்தான். 2021 இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது மாட்டெருவை விலை பேசி வாங்க எத்தனை பேர் அலைந்தார்கள் என்பது ஊரறிந்தது. எங்கள் வாழைக்கு யூரியா வாங்குவது பெருமளவு குறைந்துவிட்டது. மிஞ்சும் கரைசலைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பணம் கொடுத்து எடுக்கிறார்கள். சிலிண்டரில் மிஞ்சியதைவிட இதில் மிஞ்சியது அதிகம்.

நாள்தோறும் கையாள்வது கடினமன்று. சாணமும் நீரும் சம அளவில் கலந்து, கையால் துழாவி, வைக்கோல் துண்டையும் மணலையும் எடுத்துவிட்டுக் கலனின் வாயில் ஊற்ற வேண்டும். பனையோலை தின்னும் மாடாயின் ஈர்க்குத் துண்டுகளைக் கவனமாகப் பொறுக்க வேண்டும். அவை உள்ளே மிதந்து ஆடையாகப் படிந்து வாயு வருவதை மறித்துவிடும். கொட்டில் கழுவும் பினைல் ஒரு துளியும் உள்ளே போகக் கூடாது. குழாயின் தாழ்ந்த இடத்தில் சேரும் நீரை இடையிடையே திறந்து வடிய விட வேண்டும். மறந்தால் சுவாலை நீல நிறம் மாறித் துடிக்கத் தொடங்கும். வாயுவில் உள்ள ஐதரசன் சல்பைட்டு அடுப்பின் வாயை அரித்துவிடுவதால், இரும்புத் துருவல் நிரப்பிய சிறு குடுவை ஒன்றை வழியில் பொருத்துவது நல்லது. மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிக் கசிவு பார்க்கும் வழக்கத்தை விடக் கூடாது.

இத்தனை நன்மை இருந்தும், இந்தக் கலன் மாட்டின் மெதேனைத் தடுத்துவிடும் என்று விற்பனைத் தாளில் அச்சிடுவது சரியன்று. மாட்டின் மெதேனில் பெரும்பகுதி சாணத்திலிருந்து வருவதன்று. அசைபோடும்போது வாய் வழியாக வெளியேறுவது. தின்ற தீனியின் சக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படிப் போய்விடுகிறது. அது பண்ணையாளரின் பணமும்தான். வெறும் வைக்கோலைத் தின்று மூன்று நான்கு ஆண்டுகள் நின்று விற்பனை நிறைக்கு வரும் நாம்பன், நல்ல தீனியில் அதில் பாதிக் காலத்தில் வரும் நாம்பனைவிட, ஒரு கிலோ இறைச்சிக்குக் கூடுதலான வாயுவை வெளிவிட்டிருக்கும். எனவே கையில் உள்ள முதல் ரூபாயைத் தீனியில் போட வேண்டும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவைக் குழை, வரம்பில் நடும் சீ-ஓ 3 புல், கொஞ்சம் பிண்ணாக்கு, நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்துக் காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்த பதப்படுத்திய வைக்கோல் ஆகியவை போதும். பதப்படுத்திய வைக்கோலை ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது.

மாடுகளைக் கொட்டிலில் கட்டி வளர்ப்பவருக்கு, அதுவும் ஐந்து மாட்டுக்குக் குறையாமல் வைத்திருந்து, அருகில் வாழையோ வெங்காயமோ செய்பவருக்கு இந்தக் கலனைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வேலணை, மண்டைதீவுப் பக்கத்துத் தரவைகளில் பகல் முழுவதும் மேயவிடுபவர்களுக்கு இது வேண்டாம். சாணத்தின் பாதி தரவையிலேயே விழுந்துவிடும், கலன் அரைவயிற்றோடு கிடக்கும். வாங்குபவர்கள் ஒப்பந்தத்தில் கல் உடைக்கும் கூலியையும், சீமெந்து பூசிய மூடிய கரைசல் தொட்டியையும், அடுத்த மாரி முடியும் வரையான கசிவுப் பொறுப்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.