தமிழில் இணைய முகவரி: '.இந்தியா' வாங்கிப் பயன்படுத்திய அனுபவம்

கும்பகோணத்தில் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கும்பாபிஷேக நோட்டீஸ் என்று வருகிற வேலையோடு, கொஞ்ச காலமாகக் கடைக்காரர்களுக்கு வெப்சைட்டும் போட்டுத் தருகிறோம். அப்படி ஒரு வாடிக்கையாளருக்காக, பெயரும் தமிழ், புள்ளிக்குப் பின்னால் வருவதும் தமிழ் என்று '.இந்தியா' முகவரி வாங்கினோம். ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

வாடிக்கையாளர் நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருப்பவர். காவிரி வண்டலில் அச்சுக் கட்டி, பித்தளை உருக்கி ஊற்றி, கடைசல் பிடித்து, உச்சியில் அன்னம் வைத்து அனுப்புகிற ஊர் அது. புவிசார் குறியீடும் வந்துவிட்டது. இவருக்கு சிங்கப்பூர், மலேசியா ஆர்டர்கள்தான் அதிகம். வாங்குகிறவர்கள் தமிழர்கள், விளக்கின் பாகங்களுக்குப் பெயர் தமிழ், போர்டு தமிழ். முகவரி மட்டும் ஏன் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அவரே கேட்டார்.

வாங்குவதில் சிரமமே இல்லை. இணையப் பெயர் விற்கிற தளத்தில் தமிழில் தேடி, பணம் கட்டினால் அன்றைக்கே கையில். கட்டணம் சின்னக் கடைக்கும் தாங்கும். இப்போதைய பிரௌசர்கள் எல்லாவற்றிலும் முகவரி தமிழிலேயே தெரிகிறது. விசிட்டிங் கார்டில் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன், அவர் அம்மா வாங்கி வாய்விட்டுப் படித்தார். ஆங்கில முகவரியை அந்தம்மாவால் படித்திருக்க முடியாது. மூன்றரையில் இரண்டு மதிப்பெண் அதற்கே.

ஆனால் பெயரைப் பதியும்போது நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டறைப் பெயர் 'கௌ'வில் ஆரம்பிக்கும். "உங்க கையாலயே அடிங்க" என்று கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினேன். 'கெ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்தார். திரையில் பார்த்தால் அச்சு அசல் 'கௌ'.

"சரியாத்தானே இருக்கு, அண்ணே?"

"கண்ணுக்குச் சரி தம்பி. கம்ப்யூட்டருக்கு இது வேற பேரு."

அப்பா ஈய எழுத்தில் கோத்த காலத்தில் எங்கள் அச்செழுத்துப் பெட்டியில் இந்த ஔகாரக் குறிக்கென்று தனி அச்சு கிடையாது. கொம்பையும் 'ள'வையும்தான் எடுத்து வைப்பார். காகிதத்தில் அதனால் ஒரு கெடுதியும் இல்லை. இணையத்தில் அப்படி விட முடியாது. எழுத்துகளுக்குக் கம்ப்யூட்டரில் எண் கொடுக்கிற யூனிகோடில் ஔகாரக் குறிக்குத் தனி எண், 'ள'வுக்குத் தனி எண். இவர் ஒன்றைப் பதிந்து வைத்திருக்க, வேறொருவர் மற்றதைப் பதிந்து, இதே அன்னம் விளக்குப் படத்தைப் போட்டு, சிங்கப்பூர்க்காரரிடம் அட்வான்ஸ் வாங்கிவிடலாம். எந்தக் கண்ணாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. 'ஸ்ரீ'யும் இதே கதைதான். 'ஸ'வை வைத்தும் எழுதலாம், யூனிகோடில் 2005-இல் சேர்த்த 'ஶ'வை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். நம் ஊர்க் கடைவீதியில் 'ஸ்ரீ' போடாத போர்டு எத்தனை இருக்கும்? தமிழ் எண் ௧-ஐயும் 'க'வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதுவும் அப்படித்தான்.

இதையெல்லாம் யார் யோசித்தார்கள் என்று தேடிப் படித்தபோதுதான், இந்தச் சேவையில் எனக்கு மரியாதை வந்தது. இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கிற ஐகேன், 1998-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு. புள்ளிக்கு வலப்பக்கம் எந்த எழுத்து வரலாம், எது எதோடு குழம்பும் என்று அவர்களே உட்கார்ந்து முடிவு செய்திருந்தால் தமிழ் என்ன ஆகியிருக்குமோ. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இரண்டு வகைக் குழு அமைத்தார்கள். முதல் குழு, அந்த எழுத்தை அன்றாடம் புழங்குகிற சமூகத்திலிருந்து வருகிறவர்கள். அவர்கள் விதிகளை எழுதுவார்கள். இரண்டாவது குழு, ஐகேன் வெளியிலிருந்து நியமித்த யூனிகோட், மொழியியல், இணையப் பெயர் நிபுணர்கள். வந்த வரைவை அவர்கள் ஏற்கலாம் அல்லது திருப்பி அனுப்பலாம். தாங்களே உள்ளே கைவைத்துத் திருத்த முடியாது. ஏற்பதென்றாலும் எல்லாரும் ஒருமனதாக ஏற்க வேண்டும்.

நியமனம் என்றால் இப்படி இருக்க வேண்டும். நிபுணரைக் கூப்பிட்டு, மாலை போட்டு, படம் எடுத்து, அறிக்கையை அலமாரியில் வைக்கிற கமிட்டிகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இங்கே வெளியாள் 'கூடாது' என்று சொன்னால் வேலை நிற்கும். அதே சமயம், தமிழில் என்ன வேண்டும் என்பதை அவர் தன் இஷ்டத்துக்கு எழுதவும் முடியாது.

தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், தேவநாகரி உட்பட ஒன்பது எழுத்து முறைகளுக்குச் சேர்த்து விதி எழுத ஒரே குழு போட்டதும் நல்ல முடிவு. தமிழ் எழுத்தும் மலையாள எழுத்தும் சில இடங்களில் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். தனித்தனி அறையில் உட்கார்ந்திருந்தால் அது பிடிபடாமலே போயிருக்கும். 2019-இல் தமிழ் விதிகள் ஐகேனின் விதித் தொகுப்பில் ஏறின. 2022-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் மொத்தம் 26 எழுத்து முறைகள். எண்களுக்கு அங்கே இடமே இல்லை, அதனால் ௧ பிரச்சினையும் இல்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விதிகள் புள்ளிக்கு வலப்பக்கத்துக்கு மட்டும்தான். இடப்பக்கம் நம் கடைப் பெயருக்கு விதி வகுப்பது அந்தந்தப் பதிவு நிறுவனம். '.இந்தியா'வுக்கு நிக்ஸி, '.சிங்கப்பூர்', '.இலங்கை' இரண்டுக்கும் அந்தந்த நாட்டு அமைப்புகள். மாதிரி விதிகளை ஐகேன் தமிழுக்கும் வெளியிட்டிருக்கிறது. எடுத்துக்கொள்வதும் விடுவதும் அவரவர் பாடு.

இழந்த ஒன்றரை மதிப்பெண் மின்னஞ்சலில் போனது. முகவரிக்குப் பொருத்தமாகத் தமிழிலேயே ஒரு மெயில் ஐடி வைத்தோம். சரக்கு அனுப்ப லாரி புக்கிங் தளம் ஒன்றில் அதைப் போட்டால் 'சரியான மின்னஞ்சலை உள்ளிடவும்' என்று சிவப்பில் நிற்கிறது. இன்னும் இரண்டு மூன்று இடங்களிலும் இதே பதில்தான். எல்லா மொழி எழுத்திலும் மெயில் முகவரி வைப்பதற்கான தரநிலை 2012-லேயே வந்துவிட்டது. இன்னொன்று: பிரௌசரிலிருந்து முகவரியை காப்பி எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், 'எக்ஸ் என்' என்று தொடங்கி, இரண்டு கோடு, அப்புறம் ஒரு எழுத்துக் கோவை வந்து விழுகிறது. பார்த்த வாடிக்கையாளர் ஏதோ மோசடி லிங்க் என்று பயந்து போன் போட்டார். பழைய இணையப் பெயர் முறைமைக்குப் புரிவதற்காக உள்ளே நடக்கிற மாற்றம் அது, தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நாச்சியார்கோயிலில் விளக்கு விற்கிறவர் அதை யாருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பார்? பெயர் விதி எழுதிய இடத்தில் தமிழ் தெரிந்தவர் இருந்தார். இந்தப் படிவங்களை எழுதிய இடத்தில் ஒருவரும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே காரணம் அதுதான்.

பதிவு நிறுவனங்களும் அரசும் அடுத்து ஆலோசகர்களை நியமிக்கும்போது கேட்பது இதைத்தான். கணினி நிபுணரும் மொழியியல் பேராசிரியரும் கட்டாயம் வேண்டும். அவர்களோடு, ஆயிரக்கணக்கான பெயர்களுக்குப் ப்ரூஃப் பார்த்த ஒருவரையும் உட்கார வையுங்கள். எந்த எழுத்தை மக்கள் எப்படி மாற்றி எழுதுகிறார்கள் என்பது அவருக்குக் கைப்பழக்கம். பழைய எழுத்து வடிவம் தெரிந்தவர் வேண்டுமென்றால் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சரஸ்வதி மகால் நூலகம் இருக்கிறது. சுவடி படிக்கிறவர்களை அங்கே போய்க் கேட்கலாம். முகவரி விற்று லாபம் பார்க்கிறவர் மட்டும் ஆலோசகராக வரக் கூடாது. ஒரே பெயரின் நாலு வடிவத்தையும் விற்க முடிந்தால் அவருக்கு வருமானம், கடைக்காரருக்கு நாலு மடங்கு செலவு. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தால் யாருக்காகப் பேசுவார் என்று சந்தேகப்பட வேண்டியிருக்கும். ஆலோசகர் சொன்னதை ஏற்கவில்லை என்றால், ஏன் என்று எழுத்தில் வெளியிடட்டும். ஐகேன் வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கிறது. நம் ஊர் அமைப்புகளும் வைத்தால், தமிழிலேயே வைத்தால், எங்களைப் போன்றவர்களும் எழுதி அனுப்புவோம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: தாராளமாக வாங்கலாம். பெயரில் 'ஔ', 'ஸ்ரீ' இருந்தால் இரண்டு விதமாகவும் அடித்துத் தேடிப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாகக் கிடைப்பதாகக் காட்டினால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். மெயிலுக்கு மட்டும் இப்போதைக்கு ஆங்கில முகவரி ஒன்றையும் கூடவே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது காப்பி எடுக்காமல் கையால் டைப் செய்து அனுப்புங்கள், தமிழிலேயே போகும். கார்டில் க்யூஆர் கோடும் சேர்த்து அடித்துவிட்டால், தமிழ் கீபோர்டு இல்லாத போனிலும் முகவரி திறக்கும்.