‘தங்கக் காயில்’ என்று சொல்லி விற்கப்படும் டிடெக்டர் காயிலுக்குப் பணம் கொடுக்கும் முன்

காவேரிப்பட்டணத்தில் 22 ஆண்டுகளாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்தி வருகிறேன். கடந்த தை மாதத்தில் நானும் என் மைத்துனனும் சேர்ந்து, ஓசூரில் மெட்டல் டிடெக்டர் விற்கும் ஒருவரிடம், கருவிக்கு 54,000 ரூபாயும், ‘தங்கக் காயில்’ என்று அவர் பெயர் சொன்ன 15 அங்குலக் காயிலுக்கு (தரைக்கு மேல் வீசித் தேடும், கம்பிச்சுற்று அடங்கிய தட்டு) தனியாக 38,000 ரூபாயும் கொடுத்து ஏமாந்தோம். அதில் பாதி, மைத்துனன் தன் மாந்தோப்பைக் குத்தகைக்கு விட்டு வாங்கிய பணம். பர்கூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் இதே காயிலுக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆசை காட்டியது கோலார். எல்லைக்கு அப்பால் இருக்கும் கோலார் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அந்தத் தங்கப் பாறைப் பட்டை தெற்கே நீண்டு, நம் மாவட்டத்தில் வேப்பனப்பள்ளி, மகாராஜகடை பக்கம் வரை வருகிறது என்பது உண்மைதான். “பட்டை உங்க நிலத்துக்கு அடியில ஓடுது அண்ணா, மேல்மண்ணுலயே கட்டியா கிடைக்கும்” என்று விற்பவர் அந்த உண்மையின் மேலேயே தன் பொய்யை ஏற்றிவைத்தார். கோலாரில் தங்கம் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) ரேகைகளுக்குள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பொடியாகவே கலந்திருந்தது. மூடும் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம்தான் தேறியது. அந்தச் சில கிராமுக்காகத்தான் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை வெட்டி, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் பிரித்தெடுத்தார்கள். காயில் அனுப்பும் காந்தப்புலம் ஒரு தங்கத் துண்டுக்குள் சுழல்மின்னோட்டத்தை உண்டாக்கினால்தான் கருவி அதற்கு ஒலிக்கும். பாறைக்குள் பொடியாகச் சிதறிக் கிடக்கும் தங்கத்தில் அதற்கு இடமே இல்லை. டிடெக்டரால் தங்கம் எடுப்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா போன்ற இடங்களில் நடக்கிறது, ஏனென்றால் அங்கே தங்கம் மேல்மண்ணில் கட்டியாகவே கிடக்கிறது. 1869 இல் அங்கே தரைக்குச் சில அங்குலம் கீழே 70 கிலோவுக்கும் மேற்பட்ட கட்டியொன்று கிடைத்தது. கடைச் சுவரில் ஒட்டியிருந்த படங்கள் அத்தனையும் அப்படிப்பட்ட வெளிநாட்டுக் கட்டிகளின் படங்கள் என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் சொல்லவில்லை. 1957 ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின்படி உரிய உரிமம் இல்லாமல், பட்டா நிலமாகவே இருந்தாலும், தங்கத்தைத் தேடித் தோண்டக்கூடாது. புதையலாகக் கிடைத்தால் 1878 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடுகற்களும் கற்திட்டைகளும் நிறைந்த நம் பகுதியில், இப்படிப்பட்ட கருவிகளை வாங்கியவர்கள் கடைசியில் அந்தக் கற்களின் அடியைத் தோண்டத்தான் போய் நிற்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அதிகமான் காலத்துத் தகடூர் மண் இது.

இனி, விற்பவர் எங்களுக்குக் கடையில் செய்துகாட்டிய சோதனையைப் பற்றிச் சொல்கிறேன். கடையின் பின்புறம் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஓர் அடி ஆழத்துக்குத் தூளை நிரப்பி, அதனடியில் ஒரு பவுன் மோதிரத்தைப் புதைத்து, மேலே காயிலை வீசிக் காட்டினார். கருவி கணீரென்று ஒலித்தது. நாங்கள் வியந்துபோனோம். அந்தத் தூள் தென்னை நார்க்கழிவு. ஓசூர் நர்சரிகளில் பூச்செடிக்குப் போடுவார்களே, அதுதான். அதில் இரும்போ கருமணலோ துளியும் இல்லாததால், அதற்குள் வைப்பதும் வெறும் காற்றில் வைப்பதும் ஒன்றே. மோதிரமும் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த பொருள் அன்று. மூடிய வளையத்தில் சுழல்மின்னோட்டம் தடையின்றிச் சுற்றிவருவதால், அது தன் எடைக்கு மீறி உரக்க ஒலிக்கும்; அதே எடையுள்ள மெல்லிய சங்கிலியைப் போட்டால் கருவி முனகக்கூட முனகாது. நாள் முழுவதும் காயில் கட்டுகிற எனக்கு இது அந்த இடத்திலேயே உறைத்திருக்க வேண்டும்.

இந்தக் காயிலை மாட்டினால் கருவியின் அலைவரிசையே தங்கத்துக்கு உரியதாக மாறிவிடும் என்றும் சொன்னார். சிறு தங்கத்துக்கு உயர்ந்த அலைவரிசை வேண்டும் என்பது சரியே. தங்கத்துக்கென்றே செய்யப்பட்ட மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000 கருவி 45 கிலோஹெர்ட்ஸிலும், ஃபிஷர் கோல்ட் பக் 2 கருவி 71 கிலோஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. காயிலை மாற்றினால் அலைவரிசை மாறும் கருவிகளும் உண்டு. மைன்லேப் எக்ஸ்-டெர்ரா 705 கருவிக்கு 3, 7.5, 18.75 கிலோஹெர்ட்ஸ் என்று தனித்தனிக் காயில்கள் வந்தன. ஆனால் அந்த வசதி கருவியின் பெட்டிக்குள் அமைந்திருந்தால்தான் நடக்கும். எங்களுடையதை மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் ஒன்றில், ஒரு நண்பரிடம் வைத்துப் பார்த்தபோது, எந்தக் காயிலை மாட்டினாலும் ஏறத்தாழ 7 கிலோஹெர்ட்ஸிலேயே நின்றது. நாணயம் தேடுவதற்கான சாதாரணக் கருவி அது.

நிலத்துக்குக் கொண்டுபோன முதல் காலையிலேயே சிக்கல் தொடங்கியது. கொள்ளு அறுத்த தாள்களில் பனி ஈரம் இருந்தது; காயில் அந்த ஈரத் தாளைத் தொடும்போதெல்லாம் கருவி அலறியது. வெயில் ஏறிய பிறகு, செம்மண்ணின் மேல் காயிலை இறக்கினாலே அலறியது. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்த மண்ணில் இழுத்தேன். வெளியே எடுத்தபோது பை முழுவதும் கருநிறப் பொடி மயிர்போல் சிலிர்த்து ஒட்டியிருந்தது. நம் பக்கத்து மண்ணில் காந்தத்தில் ஒட்டும் இந்த இரும்புத் தாது நிறைய உண்டு. தீர்த்தமலையில் அது மலையாகவே இருக்கிறது. பழங்காலத்தில் இரும்பு உருக்கிய இடங்களின் சிட்டக்கற்களும் வயல்களில் கிடக்கின்றன. இத்தகைய மண்ணில் காயில் பெரிதாக ஆக ஆக, அது ஒரே நேரத்தில் பார்க்கும் மண்ணும், அதனால் வரும் இரைச்சலும் கூடும், சிறு உலோகத்தின் மேல் அதன் கூர்மை குறையும். 15 அங்குலக் காயில் எங்கள் நிலத்துக்கு எந்த வகையிலும் பொருந்தாதது. இரண்டு ‘D’ வடிவச் சுற்றுகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் டபுள்-டி வகையில், 10 அங்குலத்துக்கு உட்பட்ட சிறு காயில்தான் இரும்பு மிகுந்த மண்ணுக்கு ஏற்றது. அதிலும் நெல்மணி அளவுத் தங்கத்தைச் சில அங்குல ஆழத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

அலறலைப் பற்றிப் புகார் சொன்னோம். ‘டியூனிங்’ செய்ய வேண்டும் என்று வீட்டுக்கே வந்து, ஒரு முறைக்கு 2,500 ரூபாய் வீதம் இரண்டு முறை வாங்கிக்கொண்டார். அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கருவியின் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் சென்சிட்டிவிட்டியை அடிமட்டத்துக்கு இறக்கி, இரும்பை விலக்கும் டிஸ்கிரிமினேஷனை முழுவதும் ஏற்றிவிட்டார். கருவி உடனே அமைதியானது. அவர் கிளம்பிய பிறகு என் மனைவியின் மூக்குத்தியை வெறுந்தரையில் வைத்து, அதன் மேல் காயிலை வீசினோம். சத்தமே இல்லை. “மாமா, இது செவிடாயிடுச்சு” என்றான் மைத்துனன். இரும்பு மிகுந்த மண்ணில் சிறு தங்கம் பெரும்பாலும் இரும்பைப் போலவே காட்டும் என்பதால், இரும்பை முழுவதும் விலக்கிவிட்ட கருவி தங்கத்தையும் சேர்த்தே விலக்கிவிடும். திரையில் ‘தங்கம்’ என்று காட்டிய இடங்களையெல்லாம் அதற்கு முன்பே தோண்டிப் பார்த்திருந்தோம். மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளும் குட்கா பொட்டலமும்தான் வந்தன. கருவி உலோகத்தை அடையாளம் காட்டத் திரையில் ஓர் எண்ணைத் தரும்; அலுமினியத் தாளும் சிறு தங்கமும் ஒரே எண்ணில் விழுவதால் அவற்றைத் திரையால் பிரிக்க முடியாது.

முறையான டியூனிங் வேறு. உலோகம் இல்லாத இடத்தில் நின்று, காயிலை ஓர் அடி உயரத்திலிருந்து தரையை ஒட்டி இறக்கியும் ஏற்றியும், இறக்கும்போது அடிநாதமாகக் கேட்கும் ஒலி கூடவோ குறையவோ செய்யாத நிலை வரும்வரை மண்ணால் வரும் ஒலியைச் சமன் செய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் திருகைத் திருப்ப வேண்டும். அதன் பிறகே சென்சிட்டிவிட்டியைச் சிறிது சிறிதாக ஏற்றி, இரைச்சல் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். மண்ணின் நிறம் மாறினால் மீண்டும் சமன் செய்ய வேண்டும். உயர்அழுத்த மின்கம்பியின் கீழ் இதைச் செய்யக்கூடாது. வெளிநாட்டுக் கருவி ஒன்றின் கையேட்டைப் படித்த பிறகே இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. எங்களுக்குக் கையேடு எதுவும் தரப்படவில்லை.

கடைசியில், மாசி மாதத்தில், பட்டறையில் வைத்து அந்தக் காயிலின் விளிம்பை ஹாக்ஸா பிளேடால் அறுத்துத் திறந்தேன். டபுள்-டி காயிலில் அனுப்பும் சுற்றும் வாங்கும் சுற்றும், ஒன்றின் புலம் மற்றதில் ஏறக்குறைய முழுவதும் ரத்தாகும்படி, மயிரிழை பிசகாமல் பொருத்தப்பட்டு எப்பாக்சி ஊற்றி இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அந்தச் சமநிலை போய்விடும். உள்ளே எப்பாக்சி இல்லை. தெர்மோகோல் துண்டுகளைச் செருகி, சுற்றுகளை ஐந்து இடங்களில் குளூகன் பசையால் ஒட்டியிருந்தார்கள். மூன்று இடங்களில் பசை விட்டுப்போய், விரலால் தொட்டால் கம்பி ஆடியது. ஈரப் புல்லின் தாக்கத்தைத் தடுக்கச் சுற்றுகளைச் சுற்றிலும் பூசப்பட வேண்டிய கிராஃபைட் பூச்சும் இல்லை. பனித் தாளைத் தொட்டால் அலறியது அதனால்தான். கம்பியோ, என் பட்டறையில் கிலோக் கணக்கில் கிடக்கும் மோட்டார் கம்பி. இதை நானே அரை நாளில் 600 ரூபாய்க்குள் கட்டியிருப்பேன். மீட்டரில் அளந்தபோது, கருவியோடு வந்த சிறு காயிலின் இண்டக்டன்ஸில் (மின்தூண்டல் அளவில்) பாதிகூட இதற்கு இல்லை; அதாவது இது அந்தக் கருவிக்குப் பொருந்தும்படி கட்டப்பட்டதே அல்ல.

இவற்றையெல்லாம் புகைப்படத்தோடு காட்டியபோது, இன்னும் 40,000 ரூபாய் கொடுத்தால் ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தே தங்கத்தைக் காட்டும் ‘ஆன்டெனா’ கருவியாக மாற்றித் தருவதாகச் சொன்னார். கைப்பிடியில் தானாகச் சுழலும் ஒரு கம்பிதான் அது. இதே வகைச் சுழல்கம்பியை ஏடிஇ 651 என்று பெயரிட்டு வெடிகுண்டு காட்டும் கருவியாக ஈராக்குக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு, 2013 இல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அதை நம்பிச் சோதனைச்சாவடிகளில் நின்ற மக்களின் உயிர் போயிருக்கிறது. நம் ஊரில் அது தங்கம் காட்டுவதாகச் சொல்லி விற்கப்படுகிறது. அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

யாருக்கேனும் உரிய அனுமதியுடனோ, வயலில் தொலைந்த நகையைத் தேடவோ உண்மையிலேயே ஒரு டிடெக்டர் தேவைப்பட்டால், கடைத் தொட்டியை நம்பாமல் உங்கள் நிலத்து மண்ணை ஒரு வாளியில் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டில் இருப்பதிலேயே சிறிய, வளையமாக இல்லாத தங்கத் துண்டைக் கொண்டுபோய் அந்த மண்ணுக்குள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருவி இயங்கும்போது காயிலின் வெளிக்கூட்டை விரலால் மெல்லத் தட்டுங்கள், இணைப்புக் கம்பியைப் பிளக்கின் அருகே அசையுங்கள். இரண்டில் எதற்கேனும் ஒலித்தால் உள்ளே இறுக்கம் இல்லை. ஈரத் துணியால் அந்தக் கூட்டைத் துடைத்தும் பாருங்கள்; அதற்கும் ஒலிக்கக்கூடாது. காயில் எந்தக் கருவிக்குரியது என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எங்கள் பில்லில் ‘எலக்ட்ரானிக் உதிரிபாகம்’ என்று மட்டுமே இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நடந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ஆலோசனை கேட்க 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. காயிலை நானே அறுத்துச் சேதப்படுத்திவிட்டேன் என்பதுதான் இப்போது விற்பவரின் வாதம். ஆகவே இதே காயிலை வாங்கிவிட்டவர்கள் ஆத்திரத்தில் அதைத் திறந்துவிட வேண்டாம். தட்டும்போது அலறுவதையும், வெறுந்தரையில் வைத்த தங்கத்துக்கு ஒலிக்காததையும் சாட்சிகள் முன்னிலையில் வீடியோ எடுத்து, காயிலை அப்படியே பெட்டியில் வைத்து மனுவோடு கொண்டுபோங்கள்.