கேனுலா என்று சொல்லிவிட்டுக் கூர் ஊசியால் குத்தினார்கள்: ஃபில்லர் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

கண்ணுக்குக் கீழே விழுந்த பள்ளத்துக்கு ஃபில்லர், அதாவது தோலுக்கு அடியில் செலுத்திப் பள்ளத்தை நிரப்பும் மருந்து, போடுவதாகப் பேச்சு. முதல் நாள் பார்த்த தோல் மருத்துவர், அந்த இடத்துக்கு கேனுலாதான் என்று உறுதியாகச் சொன்னார். கேனுலா என்பது நுனி மழுங்கிய, வளைந்து கொடுக்கும் மெல்லிய குழாய். கன்னத்தில் ஒரு துளை போட்டு உள்ளே விட்டு, விசிறி விரிவதுபோல் திசை மாற்றி மாற்றி மருந்தைப் பரப்பலாம். ரத்தக் குழாயைக் குத்தும் வாய்ப்பு கூர் ஊசியைவிடக் குறைவு, கன்றிப்போவதும் குறைவு. அதை நம்பித்தான் சம்மதித்தேன்.

போட வந்தவர் வேறொருவர். கையில் கூர் ஊசி. கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான், இதுல சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். நான் மறுத்துச் சொல்லும் முன்பே முதல் குத்து விழுந்துவிட்டது. அப்புறம் புள்ளி புள்ளியாக வரிசையாகக் குத்திக்கொண்டே போனார்.

ரெண்டும் ஒன்றல்ல. கூர் ஊசியே கூடாது என்று சொல்லவில்லை. தேர்ந்த கை அதைக்கொண்டு எலும்பை ஒட்டி ஆழத்தில் துல்லியமாக வைக்கும். எனக்கோ தோலுக்கு அடியிலேயே மேலாக வைத்துவிட்டார்கள். வீக்கம் வடிந்ததும் இரண்டு கண்ணுக்கும் கீழே புழு படுத்ததுபோல் ஒரு மேடு, அதன்மேல் சாம்பல் கலந்த நீலம். கன்றிய நீலம் என்றால் பச்சையாகி, மஞ்சளாகி மறைந்துவிடும். இது அப்படியே நின்றது. ஹையலூரானிக் அமிலம் என்ற ஜெல் வகை ஃபில்லர் மேலாகத் தங்கினால் ஒளி சிதறி இப்படித் தெரியும். டிண்டால் விளைவு என்பார்கள்.

தொலைபேசியில் கேட்டால், "மசாஜ் பண்ணுங்க, சரியாயிடும்." கரைத்துவிடுங்கள் என்றேன். கரைக்கும் மருந்தான ஹையலூரனிடேஸ் அங்கே இல்லவே இல்லை! எனக்குக் கோபம் தலைக்கேறியது இங்கேதான். ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் அழுகலாம், பார்வையே போகலாம். அந்த நேரத்தில் உடனே செலுத்த வேண்டியது அந்த மருந்துதான். அதை வைத்துக்கொள்ளாமல் எந்தத் தைரியத்தில் முகத்தில் கை வைக்கிறார்கள்?

வேறொரு மருத்துவர்தான் கரைத்துவிட்டார். அவர் முதலில் கேட்டது, உள்ளே இருப்பது என்ன ஃபில்லர் என்று. பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை எனக்குக் கொடுத்திருக்கவில்லை; பலமுறை கேட்ட பிறகே பெயரைச் சொன்னார்கள். ஹையலூரானிக் அமிலமாக இல்லாமல் கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் என்ற வேறு வகையாக இருந்திருந்தால் ஹையலூரனிடேஸுக்குக் கரைந்தே இருக்காது.

சமாதானத்துக்குப் புருவ நடுவே இலவசமாக போடாக்ஸ் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அதே கைதான். போடாக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து. இடம் தவறிப் பரவினால் மேல் இமை வாரக்கணக்கில் தொங்கும். வேண்டாம் என்றுவிட்டேன்.

போகிறவர்கள், போடப்போவது யார், கேனுலாவாலா கூர் ஊசியாலா, எந்த ஆழத்தில் என்று கேளுங்கள். ஹையலூரனிடேஸைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கட்டும், ஸ்டிக்கர் உங்கள் கைக்கு வரட்டும். போடும்போதோ வீட்டுக்கு வந்த பிறகோ தோல் வெளுத்தால், வலி தாங்க முடியாமல் போனால், பார்வை மங்கினால், "காலையில் பார்க்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.